மழைக்கால சனிக்கிழமைகளுக்கு ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்: எதை எடுப்பது?

தீபாவளி முடிந்ததும் கடலூரில் மழை வந்து உட்கார்ந்துவிடும். பொங்கல் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு சனிக்கிழமை கிடைக்கும். அந்த நாட்களில் எட்டு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடலாம், ஆள் வராது. மஞ்சக்குப்பத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிற கடை என்னுடையது. மழை நாளில்தான் எங்களுக்கு வியாபாரம் என்று நினைப்பீர்கள். இல்லை, மழைக்கு முந்தின மாதம்தான் வியாபாரம். மழை நாளில் வருவது சண்டை: "நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம்கூட நிக்கலையே, இன்னா பேட்டரி குடுத்தீங்க?"

இந்த வருஷம் வீட்டில் ஒரு தீர்மானம் போட்டோம். ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு மூலைக்கு ஒருவராக உட்காருவது வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி ஹாலில் எல்லாரும் சேர்ந்து ஒரே தொடரைப் பார்ப்பது. அதுவும் சயின்ஸ் ஃபிக்‌ஷன். இதுவரைக்கும் ஒற்றுமை. எந்தத் தொடர் என்றதும் வீடு ஐந்தாகப் பிரிந்தது.

ப்ளஸ் டூ படிக்கிற மகளுக்கு 'டார்க்'. எட்டாம் வகுப்பு மகனுக்கு 'டாக்டர் ஹூ'. பாண்டி முத்தியால்பேட்டையிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுகிற என் மச்சானுக்கு 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. எனக்கு 'தி எக்ஸ்பான்ஸ்'. மனைவிக்கு எதுவானாலும் சரி, பாதியில் தூங்கிவிட்டால் எழுப்பக் கூடாது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "எனக்கும் புரியற மாதிரி எதுனா போடுங்கடா." எல்லாவற்றிலும் கஷ்டமான நிபந்தனை அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, பெண்ணுக்குப் பொதுத்தேர்வு. பன்னிரண்டு வாரம், மொத்தம் 24 மணி நேரம். அதற்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் குறை தெரியக் கூடாது. ஒரு வாரம் கரன்ட் போய்ப் பார்க்க முடியாமல் போனால் அடுத்த வாரம் கதை புரியாமல் விழிக்கக் கூடாது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்கவும் முடியாது. அம்மாவையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரிமோட்டைத் தேட வேண்டிய காட்சிகளும் இருக்கக் கூடாது.

எடுத்த எடுப்பிலேயே மச்சானுக்கும் எனக்கும் தகராறு. எதைச் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்பது? ராக்கெட் பறந்தால் போதும் என்பது அவர் கட்சி. அப்படியானால் விட்டலாச்சாரியா படத்தில் ஒரு ராக்கெட்டை விட்டால் அதுவும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆகிவிடுமா? அலாவுதீன் விளக்கைத் தேய்த்தால் பூதம் வருகிறது. அந்த விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றுகிறார்கள், ஒரு தடவை ஊற்றினால் எத்தனை பூதம் வரும், திரி தீர்ந்தால் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை படுத்துவிடும். கேட்கக் கேட்க எந்தக் கதை நன்றாக ஆகிறதோ அதுதான் என் கணக்கில் சயின்ஸ் ஃபிக்‌ஷன்.

இது எங்கேயோ படித்ததில்லை, தானே புயல் கற்றுக்கொடுத்தது. 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை ஊரே பார்த்தது. எங்கள் தெருவுக்குக் கரன்ட் திரும்ப வர பதினெட்டு நாள் ஆனது. முதல் நாள் எல்லாரும் விளக்கைப் பற்றித்தான் பேசினோம். இன்வெர்ட்டர் கடைக்காரன் வீட்டிலும் முதல் ராத்திரியோடு இருட்டு. சார்ஜ் ஏற்றக் கரன்ட் இல்லாத பேட்டரி வெறும் பாறாங்கல். இரண்டாம் நாள்தான் தெரிந்தது, பிரச்சினை விளக்கு இல்லை, தண்ணீர். மோட்டார் ஓடாமல் மேல் டேங்க் காலி. மூன்றாம் நாள் மினி வேனில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக வந்தார்கள். மோட்டாரில் ஒயரை மாட்டி டேங்க்கை நிரப்பிக் கொடுக்க வீட்டுக்கு இவ்வளவு என்று ரேட் பேசினார்கள். ஐந்தாம் நாள் கொல்லைப்புறத்தில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி எடுத்தார்கள். ஆட்டுக்கல் வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் தெருவில் திடீர் மரியாதை. சாயங்கால ரிசப்ஷனெல்லாம் மத்தியானத்துக்கு வந்தன. ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்தார்கள். அது மாவாட்டுகிற இடம்வரை போய்ச் சேர்ந்தது.

ஒன்றை மாற்று, நான் நம்புகிறேன். ஆனால் அந்த மாற்றம் ராஜாவின் மாளிகையோடு நின்றுவிடக் கூடாது, அடுப்படிவரை வர வேண்டும். இதுதான் என் அளவுகோல். தமிழிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது எல்லாரும் ஜீனோ என்கிற இயந்திர நாயைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அந்த உலகத்தில் பெயரெல்லாம் இரண்டெழுத்துதான், நிலா, சிபி, ஜீவா என்று. பேசுகிற நாயைவிட அதுதான் எனக்குப் பயம் தந்தது. பெயரைக்கூடச் சுருக்கிவிட்ட அரசாங்கம் இன்னும் எதையெல்லாம் சுருக்கியிருக்கும்!

அந்த அளவுகோலை வைத்து அளந்தால் 'தி எக்ஸ்பான்ஸ்'தான் முதலில் நிற்கிறது. 2015-இல் தொடங்கி ஆறு சீசன், 62 எபிசோடு. மூன்று சீசனோடு ஒளிபரப்பிய சேனல் கைவிட்டது. ரசிகர்கள் காசு போட்டு, அமேசான் அலுவலகத்துக்கு மேலே பேனர் கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டுக் கேட்டார்கள். மீதி மூன்று சீசனை அமேசான் எடுத்தது. கதை, மனிதன் சூரியக் குடும்பத்துக்குள் பரவிவிட்ட காலம். பூமி ஒரு கட்சி, செவ்வாய் ஒரு கட்சி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே குறுங்கோள்களில் பிறந்து வளர்ந்து, சுரங்கத்திலும் கப்பலிலும் உழைக்கிற கூட்டம் மூன்றாவது. அவர்களுக்குப் பெல்ட்டர் என்று பெயர்.

இதில் அனுமதிக்கச் சொல்கிற பொய் முக்கியமாக ஒன்றுதான்: எரிபொருளை மிகச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஒரு என்ஜின். பிற்பாடு வேற்றுலகப் பொருள் ஒன்றும் வருகிறது, அது தனிக் கதை. மற்றதற்கெல்லாம் ரசீது காட்டுகிறார்கள். கப்பல் பாதி வழி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், அப்படியே திரும்பி நின்று, மீதி வழி பிரேக் போட்டுக்கொண்டு போகிறது. ஈர்ப்பு குறைந்த இடத்தில் வளர்ந்ததால் பெல்ட்டர்கள் நெடுநெடுவென்று வளர்ந்து எலும்பு பலம் குறைந்தவர்கள். அதனால் ஒரு பெல்ட்டர் கைதியைச் சித்திரவதை செய்ய பூமியில் அடிக்கவோ உதைக்கவோ தேவையில்லை. கொக்கியில் தொங்கவிட்டால் போதும், பூமியின் ஈர்ப்பே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். முதல் எபிசோடிலேயே வருகிறது. அதைச் செய்யச் சொல்கிற ஐ.நா. அதிகாரிக்குப் பெயர் கிறிஸ்ஜன் அவசரலா. கழுத்தில் நகையும் புடவை போன்ற உடையும். என் மனைவி தூக்கத்திலிருந்து எழுந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

சீரிஸ் என்கிற குறுங்கோளில் ஒரு காட்சி. போலீஸ்காரன் மில்லர் கண்ணாடி டம்ளரில் சாராயம் ஊற்றுகிறான். அது நேராக விழவில்லை, வளைந்து விழுகிறது. அந்தக் குறுங்கோளைச் சுழற்றித்தான் ஈர்ப்பை உண்டாக்கியிருக்கிறார்கள், அதனால். இன்னொரு இடத்தில் ஒரு குருவி. சிறகைப் படபடக்கவில்லை, எப்போதாவது ஒரு தட்டு தட்டிவிட்டு அந்தரத்தில் சும்மா நிற்கிறது. யாரும் விளக்கம் சொல்வதில்லை. தண்ணீர் ரேஷன். ஐஸ் வெட்டிக்கொண்டு வருகிற ஒரு கப்பல் அழிந்ததும் ஊரே கொதிக்கிறது. காற்று வடிகட்டியை ஒழுங்காக மாற்றாமல் காசு பார்க்கிற ஒருத்தனிடம் மில்லர் போய் நிற்கிறான், பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று. டேங்க் நிரப்ப ரேட் பேசிய மினி வேன் எனக்கு ஞாபகம் வராமல் இருக்குமா?

பெல்ட்டர்களுக்கென்று ஒரு கலப்பு மொழியை நிக் ஃபார்மர் என்கிற மொழியியலாளர் உருவாக்கிக் கொடுத்தார். விண்வெளி உடைக்குள் தலையாட்டினால் யாருக்கும் தெரியாது. அதனால் ஆமாம் இல்லை என்பதற்குக்கூடக் கையை ஆட்டுகிறார்கள். என்ஜின் சத்தத்தில் படகுக்குப் படகு கையாலேயே பேசுகிற தேவனாம்பட்டினத்து ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்கு இதைத் தள்ளிவைத்தவனும் நான்தான். 62 எபிசோடு என்றால் நாற்பத்தைந்து மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு வாரம் விட்டால் யார் எந்தக் கட்சி என்று தொலைந்துவிடும். முதல் நான்கு எபிசோடு புரியாமலேயே பார்க்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். அம்மாவுக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, "இவங்க செவ்வாய்க்காரங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மகளும் நானும் மட்டும் பரீட்சைக்குப் பிறகு பார்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.

மச்சானின் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. 1978-இல் வந்த பழையது இல்லை, 2003-இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை ஓடியது. மனிதன் செய்த இயந்திரங்கள் திரும்பி வந்து மனித இனத்தையே அழித்துவிடுகின்றன. மிஞ்சியவர்கள் ஐம்பதாயிரம் பேர், சில கப்பல்கள், ஒரு கிழட்டுப் போர்க்கப்பல். அந்தக் கப்பல் மட்டும் ஏன் தப்பித்தது? அதன் கேப்டன் பழைய பஞ்சாங்கம். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க விடமாட்டார். போனில்கூட ஒயர் தொங்கும். எதிரி உள்ளே நுழைய வழியே இல்லை. பழையதே போதும் என்று கடையில் வந்து நிற்கிற பெரியவர்களை அதற்குப் பிறகு நான் கேலி செய்வதில்லை.

அதன் முதல் முறையான எபிசோடுக்குப் பெயர் வெறும் '33'. முப்பத்துமூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எதிரி வருகிறான். ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. ஜனாதிபதியின் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. அதில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை. ஆள் குறையக் குறைய அழித்து எழுதுகிறார்கள். கடைசியில் ஒரே ஒரு தடவை எண் ஏறுகிறது, ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. தொலைக்காட்சியில் நான் பார்த்த மிகச் சிறந்த முக்கால் மணி நேரங்களில் அது ஒன்று. அடுத்த எபிசோடே தண்ணீர் டேங்க் வெடிப்பதுதான். ஆனால் போகப் போக இந்தத் தொடர் கணக்கு நோட்டை மூடிவிட்டுச் சாமி பக்கம் திரும்பிவிட்டது. கடைசி சீசனில் முக்கியமான முடிச்சுகளுக்குத் தெய்வச் செயல் என்பதுதான் பதில். மச்சான் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "ஆரம்பத்துலேர்ந்தே சாமி இருந்திச்சி மாமா, நீங்க பாக்கல" என்பார். இருக்கட்டும். எழுபதுக்கும் மேல் எபிசோடு, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டிய காட்சிகள் வேறு. விலக்கியாயிற்று.

மகளின் 'டார்க்' நேர அளவில் சரியாகப் பொருந்துகிறது. ஜெர்மன் தொடர், 2017-இலிருந்து 2020 வரை மூன்று சீசன், 26 எபிசோடு, கிட்டத்தட்ட நம்முடைய 24 மணி நேரமேதான். அணு உலை இருக்கிற ஒரு சின்ன ஊர், காணாமல் போகிற பிள்ளைகள், ஒரு குகை, முப்பத்துமூன்று வருஷத்துக்கு ஒரு முறை மடிகிற காலம். கட்டுமானம் என்றால் அதுதான் கட்டுமானம். ஒரு செங்கல்லை உருவ முடியாது. ஆனால் சிக்கல் உறவுமுறையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பார்க்கிறவன் அங்கிள், ஆன்ட்டி என்று ஓட்டிவிடலாம். நாம் அப்படியா? ஒவ்வொரு ஆள் வந்ததும் அம்மா, "இவன் அவளுக்கு என்னா மொற?" என்று கேட்பாள். அந்தக் கதையில் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் யாரும் யாரையும் எப்படிக் கூப்பிடுவது என்றே மறந்துபோகும். முதல் எபிசோடின் பாதியில் அம்மா எழுந்து படுக்கப் போய்விட்டாள். ஒரு எபிசோடை விட்டால் மீள முடியாது என்பது அடுத்த குறை. மூன்றாவது, சிரிப்பே கிடையாது. வெளியில் மழை, உள்ளேயும் மழை.

'டாக்டர் ஹூ'வுக்கு வருவோம். 1963 நவம்பர் 23-இல் பிபிசியில் தொடங்கியது. கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டி மாதிரி ஒரு கால வாகனம். வெளியே சின்னது, உள்ளே பெரியது. மூன்று வருஷத்தில் நாயகனாக நடித்தவருக்கு உடம்பு முடியாமல் போனபோது, சாகிற நிலையில் டாக்டர் வேறு உடம்பாக மாறிவிடுவார் என்று கதையை வளைத்தார்கள். ஆள் மாற்ற ஒரு சாக்கு, அதுவே தொடரின் ஆயுள் ரேகையாகிவிட்டது. நம் சீரியல்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை போடுகிறார்களே, அதைக் கதைக்குள்ளேயே போட்டவர்கள் இவர்கள்தான்.

பழையதில் பலவற்றைப் பிபிசியே டேப்பை அழித்துத் தொலைத்துவிட்டது. 2005-இல் மறுபடி தொடங்கியதிலிருந்து பார்த்தால் போதும். என் அளவுகோலில் இது பல இடங்களில் தோற்கும். எந்தப் பூட்டும் திறக்கிற ஒரு ஸ்க்ரூ டிரைவர் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதற்குச் சார்ஜே தீராது. ஆனால் 2007-இல் வந்த 'ப்ளிங்க்' என்கிற எபிசோடு தனி. அதில் டாக்டரே அதிகம் வருவதில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் கல்லாக நிற்கிற சிலைகள். கண்ணை இமைத்தால் நகர்ந்து வந்துவிடும். ஒரே விதி, நாற்பத்தைந்து நிமிஷம். இதை ஒத்திகையாகப் போட்டுப் பார்த்தோம். மகன் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டான். அம்மா அசையாமல் பார்த்துவிட்டு, "தமயந்தி கத ஆச்சே இது" என்றாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சுயம்வரத்தில் தேவர்களெல்லாம் நளனைப் போலவே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, கண் இமைக்கிறவன்தான் மனுஷன் என்று தமயந்தி கண்டுபிடித்தாள் இல்லையா. தேவர்களை இமையவர் என்று சொன்ன ஊருக்கு இமைக்காத சிலை புதுசா?

அம்மாவுக்கு மொழி தடையில்லை, நீளம்தான் தடை என்று அன்று தெரிந்தது. ஒரே உட்காரலில் முடிகிற கதை, ஒரே விதி. நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் தமிழில் சொன்னால் போதும்.

அப்படித் தேடினால் பழைய 'ட்வைலைட் ஸோன்' இருக்கிறது. 1959-இலிருந்து 1964 வரை 156 எபிசோடு, அவற்றில் 92 அதை உருவாக்கிய ராட் செர்லிங் ஒருவரே எழுதியது. பெரும்பாலும் அரை மணி நேரம், கறுப்பு வெள்ளை. 1960-இல் வந்த ஒன்றில் மேப்பிள் தெருவில் திடீரென்று கரன்ட் போகிறது, போன் செத்துப்போகிறது, கார் கிளம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் கார் மட்டும் தானாக உறுமுகிறது. அவ்வளவுதான். இருட்டுவதற்குள் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் சந்தேகப்படத் தொடங்கி, கடைசியில் துப்பாக்கி வெடிக்கிறது. கேவலமாகச் சிரித்தேன். தானேயின் பதினோராம் நாள் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் கரன்ட் வந்தது. எங்கள் தெரு முனையில் நின்று, அந்தத் தெருவில் யார் வீட்டில் யாருக்குச் சொந்தக்காரன் இருக்கிறான் என்று நாங்கள் பேசியது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. லைன் வேறு ஃபீடரிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் சேர்ந்து பேசினேன்.

'ப்ளாக் மிரர்' அதன் பேரன் முறை. 2011 டிசம்பர் 4-இல் தொடங்கியது, தானேவுக்கு 26 நாள் முன்னால். ஒவ்வொன்றும் தனிக்கதை என்பதால் கேட்ட உடனே சரியென்று தோன்றும். அவசரப்பட்டு முதல் எபிசோடைக் குடும்பத்தோடு போட்டுவிடாதீர்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆள் மார்க் போடுகிற 'நோஸ்டைவ்' மாதிரி சிலதைப் பொறுக்கிப் பார்க்கலாம். டெலிவரிக்காரர் முதல் ஆட்டோக்காரர்வரை ஐந்து நட்சத்திரம் கேட்டுக் கெஞ்சுகிற காலத்தில் அது கதையாகவே தெரியாது. 'செவரன்ஸ்' எனக்குப் பிடித்தது. ஆபீஸ் நினைவும் வீட்டு நினைவும் ஒன்றுக்கொன்று தெரியாமல் மூளையைப் பிரிக்கிறார்கள், ஒரே மாற்றம், அதன் பின்விளைவுகள். ஆனால் நத்தை நடை. மனைவி ஐந்தாம் நிமிஷம் குறட்டை விடுவாள். 'ஃபயர்ஃப்ளை' 14 எபிசோடோடு நின்றுபோனது, மீதிக் கதைக்கு ஏங்க வேண்டியிருக்கும். நிலவில் முதலில் இறங்கியது ரஷ்யர்கள் என்று தொடங்குகிற 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' அடுத்த மழைக்கு.

மிச்சம் இருந்தது யாருமே கேட்காத ஒன்று: 'ஸ்டார் ட்ரெக்'.

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் பழைய ஸ்டார் ட்ரெக் வரும். எதிர்வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாமல், காது கூரான ஸ்பாக்கைப் பார்த்தவன் நான். ஆளை ஒளியாக்கி அனுப்புகிற அந்த இயந்திரம் எங்களுக்குப் பெரிய விஞ்ஞானமாகத் தெரிந்தது. வாராவாரம் ஒரு கிரகத்தில் கப்பல் இறங்குவதைப் படம்பிடிக்கக் காசு கட்டுப்படியாகாமல் கண்டுபிடித்த வழி அது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நான் சொல்வது அதன் வாரிசு, 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. 1987-இலிருந்து 1994 வரை ஏழு சீசன், 178 எபிசோடு. மொத்தமாகப் பார்த்தால் மூன்று மழைக்காலம் போதாது. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனிக்கதை. இருபத்துநான்கு பொறுக்கினால் வேலை முடிந்தது. முதல் சீசனைத் தைரியமாகத் தாண்டிவிடுங்கள், அவர்களே அப்போது பழகிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரனாக எனக்கு இதில் ஒரு புகார் உண்டு. இது கரன்ட் பில்லே வராத உலகம். கேப்டன் சுவரைப் பார்த்து டீ கேட்டால் டீ வருகிறது. பணம் கிடையாது, பசி கிடையாது. அடுப்படிவரை வர வேண்டும் என்றேனே, இங்கே அடுப்படியையே ஒழித்துவிட்டார்கள். ஆனால் யோசித்தால் அதுவும் ஒரு மாற்றம்தான். பற்றாக்குறையை எடுத்துவிட்டால் மனிதனுக்கு எது பாக்கி இருக்கும்? நியாயம் பேசுவது பாக்கி இருக்கிறது என்கிறது இந்தத் தொடர்.

1989-இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' எபிசோடில் டேட்டா என்கிற இயந்திர மனிதனைப் பிரித்துப் பார்க்க ஒரு விஞ்ஞானி வருகிறார். அவன் மறுக்கிறான். மறுக்க அவனுக்கு உரிமை உண்டா, அவன் ஆளா சாமானா என்று விசாரணை. அவனுடைய நண்பன் ரைக்கரே எதிர்த்து வாதாட வேண்டிய கட்டாயம். ரைக்கர் பேசிக்கொண்டே டேட்டாவின் பின்னால் போய், முதுகுப் பக்கம் கையை விட்டு, சுவிட்சை அணைத்துவிடுகிறான். டேட்டா மேஜைமேல் பொத்தென்று கவிழ்கிறான். இதைவிட நல்ல வாதம் கிடையாது. அதை வைத்துவிட்டு உட்காருகிறானே, அவன் முகத்தைப் பாருங்கள். தினம் நூறு சுவிட்சை அணைக்கிறவன் நான், அன்றைக்கு அந்த 'டிக்' எனக்குச் சுருக்கென்றது.

முடிவைத் தீர்த்தது 'டார்மோக்'. 1991. ஒரு வேற்றினம், அவர்கள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்குப் புரிகிறது, அர்த்தம் மட்டும் புரியவில்லை. ஏனென்றால் அவர்கள் தங்கள் புராணத்தைச் சுட்டித்தான் எதையும் சொல்வார்கள். 'தேம்பா, கைகளை விரித்தபடி' என்றால் இந்தா, எடுத்துக்கொள். 'ஷாகா, சுவர்கள் விழுந்தபோது' என்றால் காரியம் கெட்டது. கதை தெரியாதவனுக்கு இது வெறும் பெயர்களும் ஊர்களும். இரண்டு கேப்டன்களும் ஒரு காட்டுக் கிரகத்தில் மாட்டிக்கொண்டு, நெருப்புக்கு இரு பக்கமும் உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "ஆயா, இவங்க கூத்து பாஷ பேசறாங்க. 'கர்ணன், கவசத்த அறுத்தப்போ'ன்னா குடுக்கறேன்னு அர்த்தம்." அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கர்ண மோட்சம் பார்த்து வளர்ந்தவள். அடுத்த பத்து நிமிஷம் டிவியை நிறுத்திவிட்டு அவள்தான் பேசினாள். "அபிமன்யு, கோட்டைக்குள்ள" என்றால் உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. அதைச் சொல்லும்போது மச்சானைப் பார்த்தாள். அவர் அப்போதுதான் மூன்றாவது சீட்டுக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். "சகுனி, கையில தாயக்கட்ட" என்றால் என் மகன், கேரம் விளையாடும்போது.

இந்த வருஷத்துக்கு 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', பொறுக்கிய இருபத்துநான்கு. வாரத்துக்கு இரண்டு, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தமிழில் கதை சொல்ல வேண்டியது மகளின் பொறுப்பு. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சப்டைட்டில் ஓடுமென்றால், பாதியில் யாரும் எழுந்து போக மாட்டார்களென்றால் இதைக் கேட்காதீர்கள், 'எக்ஸ்பான்ஸ்' எடுங்கள். தனியாக, நோட்டும் பேனாவுமாக உட்காருகிறவர்களுக்கு 'டார்க்'. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டுவரை பிள்ளைகள் இருந்தால் 'டாக்டர் ஹூ'. எது எடுத்தாலும் மழைக்கு முன்னாலேயே டவுன்லோட் செய்து வையுங்கள். 43 இன்ச் எல்.இ.டி. டிவி 80 வாட், இரண்டு ஃபேன் 150 வாட், 150 ஏ.எச். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் நாலு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். செல்போன் டவர் அவ்வளவு நேரம் தாங்காது.

போன சனிக்கிழமை மூன்றாவது வாரம். காற்று பலமாக இருந்தது. எபிசோடு பாதியில் கரன்ட் போய் இன்வெர்ட்டர் 'பீப்' என்று பிடித்துக்கொண்டது. படம் நிற்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"தானே, பதினெட்டாம் நாள்."

அவன் அப்போது பிறக்கவே இல்லை. அம்மா எழுந்து, மேல் டேங்கில் மிச்சம் இருக்கும்போதே பிடித்து வைக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.